குழிமலையில் இஞ்சிப்புல்

திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு கலைந்ததும் மற்றப் பெண்கள் எல்லாம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மேலே ஏறுவார்கள். மற்ற நாட்களில் அவர்களோடு ஏறுகிற ராக்காயி அன்றைக்கு மட்டும் கீழே இறங்குவாள். தோளில் ஒரு முள், இடுப்பில் ஒரு சாக்கு. முள் என்றதும் காலில் தைக்கிற முள்ளை நினைத்துவிட வேண்டாம். மண்ணைக் குத்திப் புரட்டுகிற நாலு பல் இரும்புக்குத் தோட்டத்தில் அதுதான் பேர். அவள் போகிற இடத்துக்குப் பேர் குழிமலை. ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கிற நிலத்துக்கு மலை என்று எவன் பேர் வைத்தானோ தெரியவில்லை. தோட்டத்துக்காரர்களுக்குத் தேயிலை நடுகிற இடமெல்லாம் மலைதான்.

ஆனால் குழிமலையில் தேயிலை இன்னும் நடவில்லை. அது மாணிக்கக் குழி தோண்டிய இடம். மஸ்கெலியாப் பக்கம் ஓடைச் சரளையில் கல் கிடைக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, இரத்தினபுரிப் பக்கத்து முதலாளி ஒருவன் வந்து அந்தப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்தான். பெருச்சாளி மாதிரி குடைந்து போட்டான். கல் கிடைத்ததோ இல்லையோ, ஒரு சாவு கிடைத்தது. அதோடு ஆளும் போனான், குத்தகையும் போனது. குழிகளைத் தூர்க்கச் சொன்னார் தோட்டத்துத் துரை. அடிமண் மேலே, மேல்மண் அடியிலே என்று கலந்து கிடந்த அந்த நிலத்தில் எதை நட்டாலும் பிடிக்காது. மண் தேறட்டும் என்று வரிசை வரிசையாகக் குவாட்டமாலா புல்லை நட்டார்கள். பார்க்கச் சோளத்தட்டை மாதிரி இருக்கும், ஆளுயரம் வளரும். அதை வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி மக்கவிட்டால் ரெண்டு மூன்று வருஷத்தில் தேயிலை நடலாம் என்பது ஏற்பாடு.

அந்த நிலத்துக்கு ராக்காயி காவல். குவாட்டமாலாவைத் தவிர வேறு என்ன முளைத்திருக்கிறது என்று வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பிடுங்க வேண்டும், மறுநாள் பெரட்டில் கணக்குப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தி பொதுவாக நல்ல மனுஷன், வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பவர். இஞ்சிப்புல் என்ற பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும்.

"கண்ணுல வெளக்கெண்ணையை ஊத்திக்கிட்டுப் பார்க்கணும், ராக்காயி. மத்தக் களை எது வேணும்னாலும் வந்துட்டுப் போவட்டும். இஞ்சி ஒரு முடிச்சு மண்ணுக்குள்ள நின்னுச்சின்னா போச்சு. அப்புறம் தேயிலையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மேலே பார்த்தால் பசு மேய்கிற சாதாரணப் புல். கீழே தோண்டினால் இஞ்சிக் கிழங்கு போல முடிச்சு முடிச்சாக வெள்ளை வேர் ஓடும். வெட்டினால் வெட்டின துண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். பிடுங்கி ஓரமாகப் போட்டால் போட்ட இடத்தில் முளைக்கும். பாறையில் பரப்பிச் சருகாகக் காயவைத்து எரித்தால்தான் ஒழியும். அதனால் அதைப் பிடுங்குகிறவர்கள் எல்லாரும் சனியனே, மூதேவியே என்று திட்டிக்கொண்டேதான் பிடுங்குவார்கள். ராக்காயி திட்ட மாட்டாள். அவள் எதையுமே திட்டுவதில்லை, எதற்குமே சிரிப்பதில்லை. அதுதான் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் அவளைப் பற்றிய பேச்சு.

குழிமலையில் செத்தது அவள் புருஷன் மாயாண்டி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆம்பிளைகள் சிலர் மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போவது உண்டு. அடைமழை விட்ட ஒரு ஞாயிறு, மூன்று பேர் உள்ளே இருக்கும்போது குழியின் பக்கம் சரிந்தது. குழிக்குள் மேல்படியில் நின்ற ரெண்டு பேரைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். மாயாண்டி அடியில் நின்றான். தோண்டத் தோண்ட மண் சரிந்தது. அடுத்த குழியில் தேங்கிய தண்ணீரும் உடைத்துக்கொண்டு வந்தது. இனித் தோண்டினால் தோண்டுகிறவனும் போவான் என்று ஆனதும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவன் அங்கேயே இருந்துவிட்டான். மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

பிணம் இல்லாத சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். அழ வந்தவர்கள் எதைப் பார்த்து அழுவார்கள்? நடுவில் ஒன்றும் இல்லை, சுற்றி மட்டும் பெண்கள். ஆள் கிடைக்காவிட்டால் புல்லில் பொம்மை கட்டி அடக்கம் பண்ணுவது அவர்கள் சனத்தில் உள்ள முறை. தர்ப்பையில் கட்ட வேண்டும் என்பார்கள். அந்தக் குளிரில் தர்ப்பைக்கு எங்கே போவது? மாயாண்டியின் தம்பி செல்லசாமி ஓடைக்கரையில் நீளமாக நின்ற புல்லை வேரும் மண்ணுமாக வாரிக்கொண்டு வந்தான். அழுதுகொண்டே தலை வைத்தான், கை கால் வைத்தான். ராக்காயி பெட்டியைத் திறந்து, தீபாவளிக்கு மஸ்கெலியாவில் ஹமீத் நானா கடையில் எடுத்த நீலக்கோடு போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிவிட்டதும் பொம்மைக்கு மாயாண்டியின் சாயலே வந்துவிட்டது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

மயானத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொன்னார்கள். "ஆளு அங்கயும் பொம்மை இங்கயும் கெடந்தா, எங்கண்ணன் ரெண்டு எடத்துலயா கெடப்பான்?" என்று செல்லசாமி கேட்டான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தூர்ந்த குழியின் மேலேயே முழங்கால் ஆழத்துக்கு வெட்டிப் பொம்மையைப் புதைத்தார்கள். துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சொல்லவில்லை. பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை என்பதால் ராக்காயி மேலே ரோட்டு வளைவில் நின்று பார்த்தாள். எந்த இடம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

இத்தனைக்கும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மகள் பூரணி கந்தப்பளையிலிருந்து வந்து விழுந்து புரண்டு ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருக்கிற அம்மாக்கண்ணு, வாய் ஓயாதவள், மனசு நல்லவள், ராக்காயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுதுரு அக்கா, அழுதுரு, உள்ள வச்சிக்கிடாத," என்று உலுக்கினாள். அழவில்லை. தொடையில் நறுக்கென்று கிள்ளிக்கூடப் பார்த்தாள். ராக்காயி கிள்ளின இடத்தைக் குனிந்து பார்த்தாளே தவிர, அழவில்லை. எட்டாம் நாள் படைப்பு, பதினாறாம் நாள் காரியம், ஒன்றிலும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? "நெஞ்சழுத்தக்காரி" என்றது. "அவன் போனதுல இவளுக்குச் சந்தோசம் போல" என்றுகூட ஒருத்தி சொன்னாள். சொன்னவள் வாயில் புழு நெளியாதா என்று அம்மாக்கண்ணு அவளோடு குழாயடியில் சண்டைக்குப் போனாள்.

ராக்காயிக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மழை நாளில் அட்டை ஏறி ரத்தம் கணுக்காலில் வழியும். அம்மாக்கண்ணு பார்த்துச் சுண்ணாம்பு தடவினால்தான் உண்டு. குழிமலைக்குக் காவல் ஆள் தேவை என்று பெரட்டில் கேட்டபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, பயம். கணக்குப்பிள்ளை ராக்காயியைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "நான் போறேங்க," என்றாள் அவள். புருஷனை விழுங்கின மண்ணுக்குக் காவலா என்று ஊர் மூக்கில் விரலை வைத்தது.

அடுத்த மழைக்குப் புல் வந்தது.

குவாட்டமாலா வரிசைக்கு நடுவில், அவளுக்குத் தெரிந்த அந்த இடத்தில், ஈட்டி மாதிரி நாலைந்து முளை. என்ன புல் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. செல்லசாமி ஓடைக்கரையில் பிடுங்கிய புல் இஞ்சிப்புல். அதை வேரோடு கட்டி, சட்டை போட்டு, குழி வெட்டி நட்டே வைத்துவிட்டார்கள். முளைக்காமல் என்ன செய்யும்?

ராக்காயி குனிந்து ஒரு முளையைப் பிடித்தாள். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். ஏன் விட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பாசம் பொங்கியது, கண் கலங்கியது என்று நான் இட்டுக்கட்டிச் சொல்லலாம். அப்படி ஒன்றும் இல்லை. கை பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் அந்த வேலையும் சேர்ந்துகொண்டது. மற்ற இடங்களில் ஓடையிலிருந்து ஏறிவருகிற இஞ்சியை முள்ளால் குத்தி, மண்ணை விரலால் சலித்து, முடிச்சு முடிச்சாகப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். நடுவில் உள்ள அந்தப் பாத்தியை மட்டும் தொட மாட்டாள். ஓரத்தில் ஓடுகிற வேரை வெட்டி நிறுத்துவாள். மேலே உயர்ந்தால் அரிவாளால் மட்டமாக அறுத்துவிடுவாள், வெளியே தெரியக் கூடாது. ஆள் படுத்த நீளத்துக்கு அது நின்றது. மத்தியானம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்பாள். பேசவும் மாட்டாள், கும்பிடவும் மாட்டாள். சாப்பிட்டுக் கையைப் புல்லிலே துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"இஞ்சி இருந்துச்சா?" என்று பெரட்டில் கணக்குப்பிள்ளை கேட்பார்.

"ஓடை ஓரத்துல கொஞ்சம் இருந்துச்சுங்க. புடுங்கிட்டேன்."

அது பொய் இல்லை. முழுசும் மெய்யும் இல்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

தேயிலை நடுகிற பேச்சு எழுந்ததும் வினை வந்தது. கடைசித் தடவையாகக் குவாட்டமாலாவை அடியோடு வெட்டிப் பரப்பச் சொன்னார்கள். ஆளுயர மறைப்பு ஒரே நாளில் போயிற்று. தலவாக்கலையில் மண்ணையும் தேயிலையையும் ஆராய்கிறவர்களில் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்றால் கன்று வைக்கலாம் என்று துரை சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் தான் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார் கணேசமூர்த்தி. பாதி நிலம் நடந்ததும் நின்றார்.

"ராக்காயி! இங்க வா. இது என்னா?"

"இஞ்சிங்க."

"இஞ்சின்னு எனக்குத் தெரியாதா? ஒரு வாரத்துப் புல்லா இது? மட்டமா வேற அறுத்து விட்டிருக்கு. யாரு அறுத்தது?"

"நாந்தாங்க."

"புடுங்குன்னு சொன்னா அறுத்து வளர்த்திருக்கியே! மாட்டுக்குப் போடவா? உன்னைய நம்பித்தானே இந்த மலையை விட்டேன்? என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே புள்ள!" அவருக்குக் கோபத்தில் வெற்றிலை எச்சில் தெறித்தது. "வாற ஐயா கண்ணுல இது பட்டா அவ்வளவுதான். நாளைக்கே பத்து ஆம்பளையளை விட்டு மண்ணைப் பெரட்டிப் போடுறேன்."

"வேணாங்க."

கணக்குப்பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்தார். 'சரிங்க' என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து எத்தனையோ காலம்.

"நானே தோண்டுறேங்க. ஒரு முடிச்சு விட மாட்டேன்."

"விட்டுட்டா?"

"பேரை வெட்டிருங்க."

பேரை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். அது தெரிந்துதான் சொன்னாள். அவர் கொஞ்சம் தணிந்தார். என்னவோ பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருப்பார். "அம்மாக்கண்ணுவைக் கூட்டிக்க. ஒண்டியாத் தோண்டாத," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

சாயந்தரம் செல்லசாமி ஓடி வந்தான். விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"எல்லாம் என்னால வந்தது மதினி. அந்த நேரத்துல என்ன புல்லுன்னு எனக்குக் கண்ணு தெரியல. கைக்கு வந்ததை வாரிக்கிட்டு வந்துட்டேன்."

"விடு தம்பி. எந்தப் புல்லா இருந்தா என்னா."

"நாளைக்கு நான் துரைக்கிட்ட போறேன். அது எங்கண்ணன் சமாதி, அதைத் தொடக் கூடாதுன்னு கால்ல விழுந்து கேக்குறேன். அந்தாளும் மனுசன்தானே?"

ராக்காயி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "கேட்டா என்னா சொல்லுவாங்க? தோண்டி எடுத்து மயானத்துல போடுங்கன்னு சொல்லுவாங்க. பத்து பேரு சுத்தி நின்னு தோண்டுவாங்க. ஒருத்தன் காலு படும், ஒருத்தன் சிரிப்பான். வேணாம். நான் பார்த்துக்கிறேன்."

"அப்ப அண்ணனுக்கு எடமே இல்லாமப் போயிருமே மதினி."

"ஆமா," என்றாள். மறுபடியும் அடுப்பை ஊதினாள். செல்லசாமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது; அவளுக்குப் புகைகூடக் கண்ணைக் கரிக்கவில்லை.

மறுநாள் ரெண்டு பெண்களும் இறங்கினார்கள். அம்மாக்கண்ணு வழியெல்லாம் முருகா முருகா என்று வந்தாள். ராக்காயி பாத்தியைச் சுற்றி வெளியிலிருந்து குத்த ஆரம்பித்தாள். குத்துவது, கட்டியை உடைப்பது, மண்ணை விரலால் அளைந்து வேரைப் பொறுக்குவது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கினாள். முழங்கால் ஆழத்தில் முள்ளின் பல்லில் துணி சிக்கியது.

அம்மாக்கண்ணு "ஆத்தாடி!" என்று பின்னால் போனாள். நீலக்கோடு மண்ணேறிப் பழுப்பாகியிருந்தது. ஆனால் கோடு தெரிந்தது. பொம்மை கட்டிய புல் எல்லாம் மக்கிப் போய்விட்டது. அதன் வேர் மட்டும் போகவில்லை. சட்டையின் கைக்குள்ளே ஓடி, கழுத்து வழியே வந்து, பொத்தான் ஓட்டையில் நுழைந்து, திரும்ப நெஞ்சுப் பக்கம் இறங்கி, சட்டைக்குள் ஒரு ஆள் இருக்கிற மாதிரி நிறைந்து கிடந்தது. எது நூல், எது வேர் என்று பிரிக்க முடியவில்லை. ராக்காயி பிரித்துப் பார்த்தாள். துணி கிழிந்தது. ஒரு முடிச்சுகூட மிஞ்சக் கூடாது என்றால் சட்டையும் சேர்ந்துதான் போக வேண்டும். இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துச் சாக்கில் வைத்தாள்.

"இப்பவாச்சும் அழுவுக்கா," என்றாள் அம்மாக்கண்ணு.

"இன்னும் அடியில ஓடியிருக்கு. அந்தப் பக்கம் குத்து," என்றாள் ராக்காயி.

இடுப்பளவு பள்ளம் ஆகிறவரை விடவில்லை. இருட்டுகிற நேரத்தில் மண்ணை மூடிவிட்டுச் சாக்கைப் பாறையில் கொட்டிப் பரப்பினார்கள். வெயில் காலம் என்பதால் தப்பித்தது. தினமும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, நெல்லைக் காயப்போட்டுத் துழாவுகிற மாதிரி வேரையும் சட்டையையும் புரட்டிப் போட்டாள். ஒடித்தால் சடக்கென்று ஒடிகிற பக்குவம் வந்தபிறகு அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

"செல்லசாமியை வரச் சொல்லுவோம்க்கா. பொம்பளை நெருப்பு வைக்கிறது முறையில்ல."

"களை எரிக்கிறதுக்கு என்னா முறை," என்று ராக்காயி தீக்குச்சியைக் கிழித்தாள். சட்டை முதலில் பிடித்தது. கொஞ்ச நேரம் எரிந்தது. சாம்பலைக் குச்சியால் கிளறி, எரியாத முடிச்சு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று ஆனதும் வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாள், தூங்கினாள். அம்மாக்கண்ணுதான் தூங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போலப் போனாள். தோண்டிய இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்த்தாள். சிவப்பு மண், வேறொன்றும் இல்லை. சரி, தோண்டிக் கொஞ்ச நாள்தானே. அதற்கடுத்த திங்கட்கிழமையும் ஒன்றும் இல்லை. மழை பிடித்தது. ஓடை ஓரத்தில் இஞ்சி தளதளவென்று ஏறி வந்தது, பிடுங்கினாள். மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் ஒரு முளை, பிடுங்கினாள். நடுவில் மட்டும் மண் மண்ணாகவே கிடந்தது.

பிறகு திங்கட்கிழமை என்று இல்லை. கொழுந்து மலையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில்கூட இறங்கினாள். மண்ணை விரலால் லேசாகக் கீறிப் பார்ப்பாள், வெள்ளையாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. ஒரு நாள் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. குப்புறப் படுத்த மாதிரிக் குனிந்து பார்த்தாள். வெறும் புளியாரைக் களை. அதைக் கோபத்தோடு பிய்த்து எறிந்தாள். எறிந்த பிறகு தன் கையையே பார்த்தாள். கோபம் எங்கிருந்து வந்தது?

உண்மையில் அவள் எதை நம்பிக்கொண்டு தோண்டினாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்தப் புல் சாகாது. எவ்வளவு தோண்டினாலும் எங்கோ ஒரு முடிச்சு மிஞ்சும், திரும்ப வரும். கணக்குப்பிள்ளையிலிருந்து துரை வரைக்கும் அதைத்தானே சொன்னார்கள்? பேர் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, அது வந்துவிடும் என்று உள்ளே ஒரு மூலையில் இருந்திருக்கிறது. கை மட்டும் பழக்கதோஷத்தில் சுத்தமாக வேலை பார்த்துவிட்டது.

தலவாக்கலை ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட இளவயசுக்காரர். கணக்குப்பிள்ளை குடை பிடிக்க, நிலம் முழுக்க நடந்தார். நாலைந்து இடத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். நடுவில் அந்த இடத்திலும் கிளறினார். ராக்காயியும் அம்மாக்கண்ணுவும் சாக்கோடு ஓரமாக நின்றார்கள். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு எட்டிப் பார்த்தார்கள். ஐயா கையைத் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டு தலையாட்டினார். கணேசமூர்த்திக்கு முகமெல்லாம் பல்.

"ராக்காயி! சுத்தமா இருக்குன்னு ஐயா சொல்லிட்டாரு. தேயிலை வைக்கலாமாம். அந்த எடத்துல ஒரு முடிச்சுகூட இல்லையாம். சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம எடுத்துப்புட்டியே, கெட்டிக்காரிதான் போ!"

ராக்காயி அவரைப் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்லீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அதான் ஐயாவே பாத்துட்டாரே."

அவள் நேராக அந்த இடத்துக்கு நடந்தாள். நின்றாள். முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ரெண்டு கையாலும் மண்ணில் ஓங்கி அறைந்தாள்.

"சனியன் புடிச்ச புல்லே! ஊரெல்லாம் மொளைக்கிறியே, ஓடையில மொளைக்கிற, கான்ல மொளைக்கிற, போட்ட எடமெல்லாம் மொளைக்கிற, இங்க மொளைக்க மாட்டியா? ஒண்ணே ஒண்ணை மறைச்சு வச்சிருக்கக் கூடாதா? நாந்தான் பாவி, கையில வந்ததையெல்லாம் எடுத்துட்டேன், நீயாச்சும் ஒளிஞ்சு கெடந்திருக்கக் கூடாதா? அய்யோ, என் ராசா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே! என் கையாலேயே உன்னை ஒண்ணு விடாமப் பொறுக்கிப் போட்டேனே!"

குரல் எங்கேயோ கிடந்து வந்தது. மேலே பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கேட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகச் சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். அம்மாக்கண்ணு முதலில் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று சொன்னவளும் வந்து தோளில் கை போட்டு உட்கார்ந்தாள். வட்டம் கூடி ஒப்பாரி எழுந்தது.

தலவாக்கலை ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் இந்த மனிசி அழுகிறா?" என்று கேட்டார்.

கணேசமூர்த்தி குடையை மடக்கினார், விரித்தார். "அவ புருசன் செத்துப்போயிட்டானுங்க," என்றார்.

"ஐயோ. எப்ப செத்தவர்?"

கணக்குப்பிள்ளை விரலை மடக்கி வருஷத்தை எண்ண ஆரம்பித்தார். வட்டத்துக்குள்ளிருந்து அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இப்பத்தாங்க ஐயா," என்றாள்.